யானைக்கும் குடி உண்டு!

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் வாழும் முதியோரை, "நீங்கள் எந்தக் குடி?" என்று வினவினால், அவர்கள் தம் தாயின் குடியையே கூறுவர். தந்தை வேறு குடியினராயினும், பிள்ளைக்கு உரியது தாய்வழியே. ஒரே குடியினுள் மணம் செய்வதும் வழக்கமன்று. தமிழரும் முஸ்லிம்களும் போற்றிவரும் இம்முறை, படுவான்கரைக்கு அப்பால் உலவும் யானைகளிடத்தும் உண்டென்று விஞ்ஞானம் கூறுகின்றது. வியப்பன்றோ?

உயிர்க்கலங்களினுள் இழைமணி என்னும் நுண்ணுறுப்பு உண்டு. அதிலுள்ள மரபணுவைத் தாய் மாத்திரமே பிள்ளைக்கு அளிக்கின்றாள். அதனைப் படித்தறிந்தால் தாய், பாட்டி, பூட்டி எனத் தாய்வழியை நெடுந்தூரம் தொடரலாம்.

ஆயின், காட்டு யானையிடம் குருதி எடுக்கத் துணிவோர் யாவர்? அதற்கு வழிகாட்டியது யானையின் இலத்தியே. குடலைக் கடந்து வருகையில், குடற்சுவரின் கலங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. யானைக் கூட்டம் அகன்றபின், ஈரமுலராத இலத்தியின் மேற்படலத்தைச் சுரண்டிக் குப்பியிலிட்டு ஆய்கூடத்திற் சேர்ப்பது ஆராய்ச்சி மாணவரின் பணி. கேட்க எளிது; செய்ய அரிது. வெயிலும் மழையும் மரபணுவை விரைவிற் சிதைக்கும். ஒரு குப்பியின் துளி மற்றொன்றிற் கலப்பினும் முடிவு பிழைக்கும். நாட்கணக்கில் அலைந்து சேர்த்த மாதிரி, ஈற்றில் ஒன்றும் உரையாமற் போவதும் உண்டு.

இத்துறையில் முன்னின்றவர் இலங்கையரான பிரிதிவிராஜ் பெர்னாண்டோ. அவரும் தோழர்களும் இலங்கை, இந்தியா, பூட்டான், லாவோஸ், வியட்நாம் ஆகிய நாடுகளின் 118 யானைகளை இலத்தி வாயிலாக ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 17 தாய்வழிகள் காணப்பட்டன. நம் சிறிய தீவினுள்ளேயே வடக்கு, நடுப்பகுதி, தெற்கு யானைகளிடையே வேறுபாடு இருந்தது! யால வனத்தில் அவர் நடத்திய மற்றோர் ஆய்வு, பெண்யானைகள் தாய்வழி உறவால் இணைந்த குடும்பங்களாக வாழ்வதைக் காட்டிற்று. ஆண்யானையோ வளர்ந்ததும் குடும்பத்தை நீங்கி வேறிடம் செல்கின்றது. அவ்வாறு அது குடி கடந்து செல்வதாலேயே மரபு கலக்கின்றது.

இக்கலப்பு ஏன் வேண்டும்? அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியத் தீவைப் பாருங்கள். அங்கே, கங்காருவைப் போலக் குட்டியைப் பையில் வளர்க்கும் 'தஸ்மேனியப் பேய்' என்ற பிராணி வாழ்கின்றது. 1996இல் அதன் முகத்தில் ஒரு புற்றுநோய் காணப்பட்டது. கடியினால் தொற்றும் அந்நோய் அவ்வினத்தின் பெரும்பகுதியை அழித்துவிட்டது. எஞ்சியவற்றிடையே மரபு வேறுபாடு மிகக் குறைவு என்பதால், எதனை எதனோடு இணைப்பது என்பதைக் காப்பகங்களில் மரபணுவை ஆய்ந்தே முடிவு செய்கின்றனர். வேறுபாடு குன்றிய இனம், எல்லா வீடுகளுக்கும் ஒரே பூட்டுப் போட்ட ஊரை ஒக்கும். திருடனுக்கு ஒரு சாவி போதும்.

இனி நம் நிலையை நோக்குவோம். 2019இல் மாத்திரம் இலங்கையில் மனித–யானை மோதலில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். வவுணதீவு, வெல்லாவெளி, கிரான் பகுதிகளில் விளைந்த வயலுக்கு இரவெல்லாம் காவலிருக்கும் உழவனின் துயரைச் சிறிதாக எண்ணுதல் அறமன்று. "யானையைப் பிடித்து அகற்றுங்கள்" என்பது அவன் குரல். ஆயின், அவ்வாறு இடம்மாற்றிய ஆண்யானைகளைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியான ஆய்வு, சில பழைய இடத்துக்கே மீண்டன என்றும், சில வேற்றூர்களில் அலைந்தன என்றும், மோதல் தணியாமற் பரவிற்று என்றும் கூறுகின்றது. ஆண்யானைகள் மாண்டாலும், அவை செல்லும் வழிகள் அடைபட்டாலும் குடிகளிடையே கலப்பு நின்றுவிடும். ஆதலால் வயலுக்கு உறுதியான வேலி வேண்டும். காட்டுக்குக் காடு வழியும் வேண்டும்.

எவ்வழியைத் திறந்து வைப்பது? எந்த யானை எவ்வயலில் புகுந்தது? இவற்றையும் இலத்தியே காட்டிக்கொடுக்கும். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயிலும் மாணவர்க்கு இந்த ஆய்வுக்களம் வெகுதூரத்தில் இல்லை. யானையின் தடத்தை உழவன் அறிவான். அதன் குடியை மாணவன் அறியக்கூடும். இருவரும் ஒன்றுகூடினால் வயலும் பிழைக்கும், யானையும் பிழைக்கும்.