போதகர் நிதி புகட்டும் பாடம்

திருச்சபைப் போதகர் குடியிருப்பது சபையின் வீடு. அவர் கண் மூடினால் மனைவி மக்கள் அவ்வீட்டை விட்டு வெளியேற வேண்டும். பிறகு போக்கிடம் ஏது?

ஸ்காத்லாந்தில் இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் இராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் என்னும் இரு போதகர்கள். அவர்கள் இரக்கத்தை மட்டும் நம்பவில்லை. ஆண்டுதோறும் எத்தனை போதகர்கள் மறைகின்றனர், எத்தனை விதவைகள் எஞ்சுகின்றனர் என்று சபைகளுக்கு எழுதிக் கேட்டுக் கணக்கெடுத்தனர். அக்கணக்கை எடின்பரோக் கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரின் சரிபார்த்தார். 1744-இல் பார்லிமெண்டுச் சட்டத்தின் மூலம் நிதி அமைந்தது. போதகர்கள் சக்திக்கேற்ப ஆண்டுச் சந்தா செலுத்தினர். விதவையருக்கு ஆண்டுக்கு 10 முதல் 25 பவுன் வரை வகை செய்யப்பட்டது.

நல்லெண்ணம் வேறு, கணக்கு வேறு என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம். உடன் அமர்ந்து ஜெபிப்பவர் என்ற ஒரே காரணத்தால் சேமிப்பை ஒப்படைத்து ஏமாறுவோர் இன்றும் உளர். ஆலோசனை கூறுவோருக்குக் கூலி தருபவர் யார் என்று முதலில் வினவுக. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் தாம் பரிந்துரைக்கும் முதலீட்டுக்காகப் பிறரிடம் கமிஷன் பெறலாகாது. பதிவைச் சரிபார்த்த பின்னரே பேச்சைத் தொடங்குக.

இழை எண்ணிப் பாவோடும் நமக்கு இது புதிதன்று. உபதேசியாராயினும் நெசவாளராயினும், எண்ணிப் பாராத சேமிப்பு முதுமைக்கு உதவாது.