யுத்தம் எப்போது முடியும்? மூன்று வேட்பாளர்கள் சொன்ன பதில்

ரயில் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு ஒரு பாடம் சீக்கிரமே புரிந்துவிடும். "வண்டி வரும்" என்பது பதில் அல்ல. எத்தனை மணிக்கு, எந்தப் பிளாட்பாரத்தில் என்று சொன்னால்தான் பதில். மூட்டை முடிச்சோடும் கைக்குழந்தையோடும் எதிரே நிற்கிறவருக்கு வேண்டியது அதுதான்.

1968-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கவுண்டர்தான் நினைவுக்கு வரும். அந்த ஆண்டு அமெரிக்கத் தாய்மார்கள் கேட்ட கேள்வி ஒன்றே: வியட்நாம் யுத்தம் எப்போது முடியும்? பிள்ளை எப்போது வீடு திரும்புவான்?

அப்போது வியட்நாமில் இருந்த அமெரிக்கத் துருப்புகள் 5 லட்சத்துக்கும் மேல். அந்த ஓராண்டில் மட்டும் 16 ஆயிரம் அமெரிக்க வீரர்களுக்கு மேல் மாண்டனர். யுத்தத்தை வளர்த்த ஜனாதிபதி ஜான்சன், மார்ச் 31-ந் தேதி இரவு டெலிவிஷனில் தோன்றி, மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார். யுத்தத்தை எதிர்த்துக் களமிறங்கிய ராபர்ட் கென்னடி ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். கடைசியில் களத்தில் நின்ற முக்கிய வேட்பாளர்கள் மூவர்.

தயங்கியவர்

டெமாக்ரடிக் கட்சியின் ஹூபர்ட் ஹம்ப்ரி, ஜான்சனின் துணை ஜனாதிபதி. எஜமானரின் கொள்கையை ஆதரித்தால் இளைஞர்கள் கூச்சலிடுகிறார்கள். எதிர்த்தாலோ எஜமானர் கோபிக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் தடுமாறினார். செப்டம்பர் 30-ந் தேதிதான், சால்ட் லேக் சிட்டியிலிருந்து பேசியபோது, சமாதானத்துக்காக வட வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவேன் என்று வாய்விட்டுச் சொன்னார். அதன் பிறகே அவருக்கு ஆதரவு ஏறத் தொடங்கியது. தேர்தலுக்கோ ஐந்தே வாரம்தான் பாக்கி.

சொல்லாமல் சொன்னவர்

ரிபப்ளிகன் கட்சியின் ரிச்சர்ட் நிக்சன், யுத்தத்தை முடித்துச் சமாதானத்தை வெல்வேன் என்றார். எப்படி என்று கேட்டவர்களுக்கு விளக்கம் கிடைக்கவில்லை. பாரிஸில் பேச்சுவார்த்தை நடக்கும்போது விவரம் பேசினால் அது கெட்டுவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அவரிடம் ரகசியத் திட்டம் இருக்கிறது என்று ஜனங்கள் தாங்களாகவே நம்பிக்கொண்டார்கள்.

தளபதிகளிடம் விட்டவர்

மூன்றாமவர், அலபாமா மாநிலத்தின் முன்னாள் கவர்னர் ஜார்ஜ் வாலஸ். முதலில் பேசிப் பார்ப்போம், பலிக்காவிட்டால் தளபதிகளிடம் விட்டு வென்று காட்டுவோம் என்பது அவர் வாதம். துணை ஜனாதிபதி பதவிக்கு அவர் நிறுத்திய ஜெனரல் லீமே, அக்டோபர் 3-ந் தேதி நிருபர்கள் முன்னிலையில், அவசியமானால் அணு ஆயுதத்தையும் பயன்படுத்தலாம் என்று பேச, பக்கத்தில் நின்ற வாலஸே கலங்கிப் போனார்.

முடிவு என்ன?

அக்டோபர் 31-ந் தேதி ஜான்சன் குண்டுவீச்சை நிறுத்தினார். சமாதானம் நெருங்குகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டே நாளில் தென் வியட்நாம் ஜனாதிபதி தியூ, பாரிஸ் பேச்சுக்கு வர மறுத்துவிட்டார். அந்த அக்டோபரில் சமாதான முயற்சிக்கு முட்டுக்கட்டை போட வழி உண்டா என்று நிக்சன் கேட்டதை, அவருடைய உதவியாளர் ஹால்டமன் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்பு உலகுக்குத் தெரிய ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று.

நவம்பர் 5-ந் தேதி வாக்குப்பதிவு. நிக்சனுக்கு நூற்றுக்கு 43.4, ஹம்ப்ரிக்கு 42.7, வாலஸுக்கு 13.5. நூற்றுக்கு ஒன்றுகூட வித்தியாசம் இல்லாமல் நிக்சன் ஜெயித்தார். ஜெயித்த பதிலில் தேதி இல்லை. துருப்புகளைப் படிப்படியாகக் குறைத்தார் என்பது உண்மை. ஆனால் கம்போடியாவுக்கும் யுத்தம் பரவியது. பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது 1973 ஜனவரி 27-ந் தேதி. வியட்நாமில் இறந்த 58 ஆயிரத்துச் சொச்சம் அமெரிக்க வீரர்களில் 20 ஆயிரம் பேருக்கு மேல் நிக்சன் பதவியேற்ற பிறகு இறந்தவர்கள். வியட்நாமிய மக்களில் இறந்தவர்கள் பல லட்சம்.

போகிறவனுக்கு ஓட்டு இல்லை

இதில் நெஞ்சை உறுத்துவது வேறொன்று. அந்நாட்டில் 18 வயது நிறைந்த பையன் கட்டாய ராணுவ சேவைக்குப் பெயர் பதிய வேண்டும். ஓட்டுப் போடவோ, பெரும்பாலான மாநிலங்களில் 21 வயதாக வேண்டும். துப்பாக்கி தூக்கிப் போகிறவனுக்கு, தன்னை அனுப்புகிறவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை! இந்த அநியாயத்தைக் கேட்டுக் கேட்டே, 1971-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஓட்டு வயதை 18 ஆக்கினார்கள். நம் நாட்டில் அந்த மாற்றம் வந்தது 1989-ல்.

எங்கோ நடந்த தேர்தல் நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். பிழைக்க வந்த இடத்தில் பெயர் பதியாமல், சொந்த ஊர் வாக்காளர் பட்டியலிலும் பெயர் இல்லாமல் இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! முதலில் அந்தப் பெயரைச் சேர்ப்போம். பிறகு ஓட்டுக் கேட்டு வருகிற யாரானாலும், "வரும், நடக்கும், முடிப்பேன்" என்றால் சும்மா விடவேண்டாம். எத்தனை மணிக்கு, எந்தப் பிளாட்பாரம் என்று கேட்போம்.