ஜிஎஸ்டி சான்றிதழ் மாட்டியிருந்தா சலூன் கிளினிக் ஆகிடுமா?

நம்ம சேனல் பார்க்கிற ஒரு தம்பி மெயில் அனுப்பியிருந்தார். ஐடி வேலை, வயசு 27.

“அண்ணா, ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பண்ணலாம்னு இருக்கேன். 90,000 ரூபாய். 12 மாசம் இஎம்ஐ, மாசம் 7,500. என் சம்பளத்துல சமாளிச்சிடுவேன். இடமும் நம்பகமானதுதான். ஜிஎஸ்டி சான்றிதழ், மாநகராட்சி லைசென்ஸ் ரெண்டும் ரிசப்ஷன்ல மாட்டியிருக்காங்க. போகலாமா?”

அவர் கேட்டது பட்ஜெட் பத்தி. எனக்கு உறுத்தினது அந்தக் கடைசி வரி. சிஏவா இருக்கிறதால இதை உறுதியா சொல்ல முடியும்: அந்த ரெண்டு பேப்பருமே உங்க தலைக்குப் பாதுகாப்பு தராது.

எந்தப் பேப்பர் எதைச் சொல்லுது?

ஜிஎஸ்டி சான்றிதழ் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: இவங்க வரி வசூலிக்கப் பதிவு செஞ்சிருக்காங்க. கத்தியைக் கிருமி நீக்கம் பண்றாங்களா, மயக்க ஊசி போடுறது யாரு, இதையெல்லாம் வரித்துறை பார்க்கிறதில்லை. மளிகைக் கடைக்கும் இதே சான்றிதழ்தான்.

மாநகராட்சி தொழில் உரிமம், அந்த இடத்துல அந்தத் தொழிலை நடத்த அனுமதி. சலூன்னு வாங்கியிருந்தா முடி வெட்டலாம், ஃபேஷியல் பண்ணலாம். அறுவை சிகிச்சை பண்ண அது போதாது.

நீங்க தேட வேண்டியது மூணாவது பேப்பர். தமிழ்நாட்டில் சிகிச்சை தரும் இடங்கள் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். மாவட்டத்துல மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் இதைப் பார்த்துக்குது. ‘கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ட்டிஃபிகேட் இருக்கா?’னு நேரடியா கேளுங்க.

யார் செய்யணும்?

தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் இதுக்குன்னே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கு. அறுவைப் பயிற்சி உள்ள, பதிவு பெற்ற மருத்துவர்தான் செய்யணும். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது தோல் மருத்துவம் படிச்சவங்க. பயிலரங்கம் போனதோ, யூடியூப் பார்த்ததோ பயிற்சி ஆகாதுன்னும் அதில் இருக்கு. யூடியூப் சேனல் நடத்துற நானே சொல்றேன், அது சரிதான்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2016-ல் சென்னையில் இந்த சிகிச்சை எடுத்துக்கிட்ட 22 வயசு மருத்துவ மாணவர் ஒருத்தர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு இருந்தது சலூன் உரிமம்தான்னு பிறகு தெரிய வந்தது. மருத்துவம் படிச்சவருக்கே அப்படி நடந்திருக்கு.

இப்போ பணக் கணக்கு

1. காப்பீடு வராது. தோற்றத்தை மாத்துற சிகிச்சை மெடிக்ளைம் பாலிசிகள்ல நிலையான விலக்கு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைக்கிறது மாதிரி மருத்துவக் காரணம் இருந்தாதான் உண்டு. பிற்பாடு ஏதாவது சிக்கல் வந்து ஆஸ்பத்திரியில சேர்ந்தா, அந்த கிளைமும் இதே காரணத்துல நிராகரிக்கப்படலாம். 90,000 ரூபாய் அதோட நிக்கும்னு நினைக்காதீங்க.

2. இஎம்ஐ கிளினிக்குக்குக் கட்டுறது இல்ல. கடன் கொடுக்கிறது வேற ஒரு நிதி நிறுவனம். மொத்தப் பணமும் முன்னாடியே இவங்க கைக்குப் போயிடும். நாளைக்குக் கடையை மூடிட்டாலும் உங்க தவணை ஓடும். கட்டாம விட்டா சிபில் ஸ்கோர் அடி வாங்கும். ஆப் மூலமா கடன் எடுத்தா ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஒரு நாள் ‘கூலிங் ஆஃப்’ உண்டு. அதுக்குள்ள அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி அபராதம் இல்லாம வெளியே வரலாம். பிராசஸிங் கட்டணம் மட்டும் திரும்ப வராம போகலாம்.

3. பில்லைப் படிங்க. ‘பியூட்டி பேக்கேஜ்’னு எழுதிக் கொடுத்தா வாங்காதீங்க. என்ன சிகிச்சை, எந்த மருத்துவர், பதிவு எண் என்ன, எல்லாம் எழுத்துல இருக்கணும். நுகர்வோர் ஆணையத்துல நீங்க காட்டப்போற ஆதாரம் அதுதான். நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்கு போடலாம். கட்டணத் தொகை 5 லட்சம் வரை இருந்தா மனுவுக்குக் கட்டணமே இல்லை. 2 வருஷத்துக்குள்ள போடணும். முதல்ல 1915-க்கு போன் பண்ணியும் புகார் கொடுக்கலாம்.

கார்டு தேய்க்கிறதுக்கு முன்னாடி

- மருத்துவ நிறுவனப் பதிவுச் சான்றிதழ் கேளுங்க. அதுல இருக்கிற பேரும் முகவரியும் பில்லோட ஒத்துப்போகணும்.
- மருத்துவர் பேரை மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் ஆன்லைன்ல தேடிப் பாருங்க.
- ‘இன்னைக்கே கட்டினா தள்ளுபடி’ன்னா எழுந்து வந்துடுங்க.

அந்தத் தம்பி போய்க் கேட்டிருக்கார். “நாங்க சலூன்தான் சார், டாக்டர் அன்னைக்கு வந்துட்டுப் போவார்”னு பதில். டாக்டர் பேர் கேட்டதுக்கு, “அப்புறம் சொல்றோம்”னாங்களாம். அட்வான்ஸ் கட்டாம வந்துட்டார். இப்போ ஒரு தோல் மருத்துவர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கார். மாசம் 7,500 கட்ட முடியுமாங்கிற கேள்வியை அதுக்கப்புறம் பேசிக்கலாம்னு சொல்லியிருக்கேன்.