கல்கி (கோர் விடால் புதினம்)

இக்கட்டுரை ஆங்கிலப் புதினம் பற்றியது. தமிழ் எழுத்தாளரைப் பற்றி அறிய, கல்கி கிருஷ்ணமூர்த்தி கட்டுரையைப் பார்க்க.

கல்கி என்பது அமெரிக்க எழுத்தாளர் கோர் விடால் (1925–2012) எழுதி, 1978 ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில அங்கதப் புதினம் ஆகும். தன்னைத் திருமாலின் பத்தாவது அவதாரம் என அறிவித்துக்கொள்ளும் அமெரிக்கர் ஒருவர், உலகம் அழியும் நாளைக் குறித்துக் கொடுத்து, அதைத் தாமே நிறைவேற்றியும் விடுவதே இதன் கதை.

புராணத்தில் கல்கி

விஷ்ணு புராணம், பாகவதம் ஆகியவற்றின்படி, கலியுகத்தின் முடிவில் சம்பல கிராமத்தில் விஷ்ணுயசஸ் என்பவரின் வீட்டில் கல்கி தோன்றுவார். தீயோரை அழித்து அறத்தை நிலைநாட்டுவார். அதன்பின் கிருதயுகம் மீண்டும் தொடங்கும். எனவே புராணக் கல்கி மனித குலத்தையே முடித்து வைப்பவர் அல்லர். நல்லோர் எஞ்சுவர், அவர்களிடமிருந்து புதிய தலைமுறை தழைக்கும்.

மரபுக் கணக்கில் கலியுகத்தின் நீளம் 4,32,000 ஆண்டுகள். அது கி.மு. 3102 இல் தொடங்கியதாகக் கொள்வர். அதாவது இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் மீதமுள்ளன. விடாலின் நாயகனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை!

கதைச் சுருக்கம்

(எச்சரிக்கை: கதையின் முடிவு கீழே கூறப்பட்டுள்ளது.)

கதையைச் சொல்பவர் தியடோரா ஆட்டிங்கர் என்னும் பெண் விமானி. 'டெடி' என அழைக்கப்படும் இவர், தாய்மையை மறுத்து எழுதப்பட்ட ஒரு நூலால் புகழ் பெற்றவர். அந்நூலை உண்மையில் எழுதியவர் வேறொருவர். நேபாளத்தின் காத்மாண்டுவில் ஆசிரமம் அமைத்திருக்கும் ஜேம்ஸ் கெல்லியைப் பேட்டி காண ஒரு செய்தித்தாள் இவரை அனுப்புகிறது. வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றிய கெல்லியே தன்னைக் கல்கி என்று சொல்லிக்கொள்பவர். அவருடைய மனைவி இலட்சுமியும் அமெரிக்கரே. ஆசிரமத்தின் பணவரவுக்குப் போதைப்பொருள் வணிகம் காரணம் என்ற ஐயமும் நிலவுகிறது.

கல்கியின் இயக்கம் காகிதத் தாமரைகளை அச்சிட்டு, பரிசுச்சீட்டுப் போல உலகெங்கும் வழங்குகிறது. குறித்த நாளுக்கு முன் உலகைச் சுற்றிப் பறந்து தாமரைகளைத் தூவும் பணி டெடிக்குத் தரப்படுகிறது. அவற்றில் இருப்பது கொள்ளை நோயை உண்டாக்கும் பாக்டீரியா என்பதை அவர் அறியார். கல்கி, இலட்சுமி, டெடி, மரபியலாளர் ஜெரால்டின், மருத்துவர் ஜைல்ஸ் லோவல் ஆகிய ஐவர் மட்டுமே தப்புகின்றனர்.

புதிய மனித குலத்தின் பெற்றோராகக் கல்கியும் இலட்சுமியும் விளங்க வேண்டும் என்பது திட்டம். ஆனால் இருவரின் இரத்தமும் ஆர்எச் காரணியில் பொருந்தவில்லை. இத்தகைய நிலையில் தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் கருவிலுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும். இதை முன்பே அறிந்திருந்த லோவல், கல்கியின் இடத்தில் தாமே தந்தையாக எண்ணியிருந்தார். கல்கி அவரைக் கொல்கிறார். அதன்பின் பிள்ளை பெற வழியே இல்லாமல் போகிறது. அழிவு நிறைவேறியது, கிருதயுகம் மட்டும் பிறக்கவில்லை.

அங்கதத்தின் இலக்கு

இப்புதினம் இந்து சமயத்தை இழிவுபடுத்துகிறதா என்ற கேள்வி இயல்பாக எழும். கதையில் டாக்டர் அசோக் என்ற பெயரில் வரும் 'இந்தியர்' உண்மையில் வேடமிட்ட லோவல்தான் என்பதைக் கவனித்தால் விடை ஓரளவு கிடைக்கும். இந்த நாடகத்தை நடத்துபவர்களும், அதை விலைக்கு வாங்குபவர்களும் அமெரிக்கர்களே. 1970களில் கீழைநாட்டு ஞானம் அங்கே தொலைக்காட்சி, விளம்பரம், பரிசுச்சீட்டு ஆகியவற்றோடு சந்தைப் பொருளானதையே விடால் எள்ளி நகையாடுகிறார். 'மெசையா' (1954) என்ற அவருடைய முந்தைய புதினத்திலும் தொலைக்காட்சி வழியே பரவும் புதிய மதமே கருப்பொருள். அங்கே நாயகன் சாவை வரவேற்கச் சொல்கிறான், இங்கே கொண்டு வந்தே தருகிறான்.

எனினும் புராணச் செய்திகள் மேலோட்டமாகவே கையாளப்பட்டுள்ளன. விமானம் ஓட்டும் பகுதிகள்தாம் உயிரோட்டமானவை. விடாலின் தந்தை யூஜின் விடால் 1930களில் அமெரிக்க அரசின் வான்வணிகத் துறைத் தலைவராக இருந்தவர். புகழ்பெற்ற விமானி அமேலியா ஏர்ஹார்ட்டின் நண்பர். டெடியும் ஏர்ஹார்ட்டைப் போற்றுபவராகவே படைக்கப்பட்டுள்ளார்.

பிற்கால நிகழ்வுகள்

நூல் வெளிவந்த 1978 ஆம் ஆண்டின் நவம்பரில், கயானாவின் ஜோன்ஸ்டவுனில் ஜிம் ஜோன்ஸ் என்ற போதகரின் குழுவைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1984 இல் ஓரிகன் மாநிலத்தில் ரஜனீஷ் இயக்கத்தினர் சிலர் உணவகங்களின் உணவில் சால்மொனெல்லா பாக்டீரியாவைக் கலந்ததால் 751 பேர் நோயுற்றனர். 1995 இல் ஓம் சின்ரிக்கியோ குழு டோக்கியோ சுரங்க இரயில்களில் சாரின் நச்சு வாயுவைப் பரப்பியது. உலக முடிவை அறிவித்த அதன் தலைவர் சோகோ அசஹாரா, உயிரியல் ஆயுதங்களையும் உருவாக்க முயன்றவர். இவர்கள் இந்நூலைப் பின்பற்றினர் என்று கொள்ள ஆதாரமில்லை. ஆயினும் 1978 இல் மிகைக் கற்பனையாகத் தோன்றிய காகிதத் தாமரையை, இந்நிகழ்வுகளை அறிந்த வாசகரால் அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது.

இப்புதினம் நெபுலா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அவ்விருது வொண்டா மெக்இன்டையரின் 'டிரீம்சினேக்' புதினத்திற்குக் கிடைத்தது. பாடகர் மிக் ஜாகரைக் கல்கியாக நடிக்க வைத்துத் திரைப்படமாக்கும் திட்டமும் இருந்தது, ஆனால் படம் எடுக்கப்படவில்லை.