தொலைபேசிக் கம்பியில் வந்த தமிழ்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்களைச் சித்தூரில் நான் இறக்கியது மோடம் வழியாகத்தான். பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து!

பேச்சுக்கென அமைந்த தொலைபேசி வழி ஏறக்குறைய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையே கடத்தும். அதற்குள் 56 கிலோபிட் வரை திணிக்கப் பார்த்தது மோடம். ஐப்பசி மழையில் கம்பிமுட்டு நனைந்தால் இரைச்சல். மோடம் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், தாங்காவிட்டால் விட்டுவிடும். திருப்பதி உறவினர் வீட்டிலும் இதே கதைதான்.

ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்பதே முதல் சோதனை. கரகரப்பு இருந்தால் மற்ற போன்களைக் கழற்றிவிட்டு மறுபடி கேட்கவேண்டும். அப்போதும் கேட்டால் கோளாறு பெரும்பாலும் லைனில், லைன்மேனைத்தான் கூப்பிடணும். ஓசையே இல்லையென்றால் 'கால் வெயிட்டிங்'கை நிறுத்தணும், அதன் 'பீப்' ஒன்றே இணைப்பை அறுத்துவிடும். அடுத்த அறையில் பேரன் போனை எடுத்தாலும் போச்சு!