தத்தெடுத்தால் போதுமா?

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்



காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் நாயும் பூனையும் இல்லாத தெரு நம்ம பக்கத்தில் கிடையாது. ஒரு காலத்தில் மாநகராட்சி வண்டி பிடித்துப் போன நாய் திரும்பி வராது. 1996-லிருந்து சென்னையில் அந்த முறை மாறியது. கருத்தடை செய்து, வெறிநோய் ஊசி போட்டு, பிடித்த தெருவிலேயே விட ஆரம்பித்தார்கள். 2001-ல் மத்திய அரசு இதை நாடு முழுதுக்கும் விதியாக்கியது. 2023-ல் புதிய விதிகள் வந்தன. நமக்குப் பக்கத்தில் புளியந்தோப்பிலேயே இதற்கான மையம் இருக்கிறது.

ஆனால் எல்லா நாயும் தெருவுக்குத் திரும்ப முடியாது. லாரியில் அடிபட்டுக் கால் போனது, கண் தெரியாதது, தாயில்லாத குட்டி, வளர்த்தவர்களே கைவிட்டது — இவை தெருவில் பிழைக்காது. 1959-ல் விமானி கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் போன்ற காப்பகங்கள்தான் இவற்றுக்குக் கதி. அங்கே இடம் அளவானது. ஒன்று வீடு போய்ச் சேர்ந்தால்தான் அடுத்து அடிபட்டு வருவதற்கு இடம் கிடைக்கும். போனது திரும்பி வந்தால் அந்த இடமும் போச்சு.

ஏன் திரும்பி வருகிறது? நாய் கெட்டது என்பதால் அல்ல. வீட்டுக்காரர் 'நாய் இருந்தா காலி பண்ணு' என்கிறார். ஷிப்டு வேலைக்குப் போகிற வீட்டில் பார்க்க ஆளில்லை. செருப்பைக் கடிக்குது, ராத்திரி அழுவுது என்று நாலே நாளில் அலுத்துப் போகிறது.

புது மெஷினை ஃபவுண்டேஷனில் நிறுத்தியதும் முழு லோடு கொடுப்போமா? உயிருக்கும் அதே நியாயம்தான். விலங்குக் காப்பகங்களில் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: 3 நாள், 3 வாரம், 3 மாதம். முதல் 3 நாள் பயத்தில் சாப்பிடாது, மூலையில் ஒண்டும். 3 வாரத்தில் வீட்டு நேரங்கள் பழகும். 3 மாதம் ஆனால்தான் 'இது நம்ம வீடு' என்று நம்பும். எல்லா நாய்க்கும் இது அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் நாலாம் நாளே முடிவு கட்டக் கூடாது என்பது புரிகிறதல்லவா?

எனவே கொண்டு வருமுன் கவனிக்க வேண்டியவை:

1. வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். வீட்டில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். முக்கியமாக, சோறு வைக்கப் போகிற அம்மா!

2. குட்டிதான் வேண்டும் என்று அடம் வேண்டாம். வளர்ந்த நாட்டு நாயின் குணம் முன்பே தெரியும். நம்ம வெயிலும் அதுக்குப் பழக்கம்.

3. வெறிநோய் ஊசி குட்டிக்கு மூன்று மாதத்தில் முதலாவது, டாக்டர் சொல்லும் தேதியில் அடுத்தது, பிறகு வருஷா வருஷம். கருத்தடையும் செய்துவிடுங்கள். மாநகராட்சி உரிமமும் வாங்க வேண்டும்.

4. தீபாவளி வெடிக்குப் பயந்து ஓடும் நாய் வழி தெரியாமல் தொலையும். அன்றைக்கு உள்ளே வையுங்கள். கழுத்துப் பட்டையில் போன் நம்பர் இருக்கட்டும்.

5. எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் வெளிப்பட்டு விட்டால் அநேகமாகப் பிழைக்க வழியில்லை.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். தெருவில் யார் வீட்டு நாய்க்கு ஊசி போட்டாலும் அந்த அட்டை என்னிடம்தான் வரும். அடுத்த தேதியைப் படித்து, வீட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுப்பேன். தேதி தவறாத நாயைப் பார்த்து அக்கம்பக்கம் பயப்படாது. பயமில்லாத தெருவில் வீட்டுக்காரரும் 'காலி பண்ணு' என்று சீக்கிரம் சொல்வதில்லை.

நாய் வளர்க்க வசதியில்லாத நண்பர்களும் இந்த உதவியைச் செய்யலாமே! கையில் ஒரு பேனா இருந்தால் போதும்.