மீன்தொட்டியில் வளரும் காறல் செடிகள்

மூடியில்லாத மீன்தொட்டியின் விளிம்பில் மணிபிளாண்ட், சிங்கோனியம், பீஸ் லில்லி, டிஃபன்பாக்கியா போன்ற செடிகளைச் செருகி, வேர் நீரிலும் இலை காற்றிலும் இருக்குமாறு வளர்ப்போர் உண்டு. பாதி நீரும் பாதி நிலமுமாக அமைக்கும் கண்ணாடித் தொட்டியைப் பலுடேரியம் என்கிறார்கள். சமவெளியில் இச்செடிகள் திண்ணையிலும் தோட்டத்திலும் நிற்கும். செண்பகனூர்க் குளிரில் அவை வெளியே தழைப்பதில்லை. வெப்பமண்டல மீன்களும் அப்படியே. ஆதலால் தொட்டியும் செடியும் சன்னல் சாத்திய கூடத்துக்குள், தவழும் குழந்தையின் கைக்கும் படுக்கையிலிருக்கும் முதியவரின் கைக்கும் எட்டும் தூரத்தில் வந்துவிடுகின்றன. இச்செடிகள் நச்சுச் செடிகள் என்று எங்கோ கேள்விப்பட்டவர்கள், நீர் நஞ்சாகிவிடுமா, மீன் செத்துவிடுமா, அறைக்காற்று கெடுமா என்று கேட்கிறார்கள். மூன்றுக்கும் விடை, இல்லை என்பதே. கவலைப்பட வேண்டிய இடம் வேறு.

மேலே சொன்ன செடிகள் அனைத்தும் சேம்பு, சேனை, கருணை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கருணைக்கிழங்கை நறுக்கிய கை ஏன் அரிக்கிறது, சரியாக வேகாத சேம்பு ஏன் தொண்டையைக் காறச் செய்கிறது என்பது நம் சமையலறைக்குத் தெரிந்த செய்தி. இக்குடும்பச் செடிகளின் உயிரணுக்கள் சிலவற்றில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகக் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருக்கிறது. இலையைக் கடித்ததும் அந்த உயிரணு உடைந்து, ஊசிகள் உதட்டிலும் நாக்கிலும் தைக்கின்றன. சாற்றிலுள்ள வேறு பொருள்கள் அந்தக் காயத்தை மேலும் எரியச் செய்கின்றன. நம் பாட்டிமார் புளி சேர்த்து நெடுநேரம் வேகவைத்துத் தணித்தது இந்தக் காறலைத்தான். மணிபிளாண்டை எவரும் சமைப்பதில்லை. குழந்தை அதைப் பச்சையாகவே கடிக்கிறது.

இந்த ஊசிப் படிகங்கள் நீரில் கரைவதில்லை. முழுமையான வேரிலிருந்து அவை தொட்டிநீரில் கசிந்து பரவுவதும் இல்லை. மீனின் கழிவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டை வேர்கள் உறிஞ்சிக்கொள்வதால், அடர்ந்து வேர்விட்ட மணிபிளாண்ட் தொட்டிக்கு நன்மையே செய்கிறது. தண்டை நறுக்கியவுடன் வழியும் சாற்றை மட்டும் ஓடும் நீரில் கழுவி, வெட்டுவாய் காய்ந்தபின் தொட்டியில் வையுங்கள். இலை நீருக்குள் மூழ்கி அழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆபத்து நீரில் இல்லை. கடிக்கும் வாயிலும், நறுக்கிய கையால் கசக்கும் கண்ணிலும் இருக்கிறது. கத்தரிக்கும்போது கையுறை அணிவது நல்லது. வெட்டிய துண்டுகளைத் தரையில் விடாதீர்கள். இவற்றுள் காறல் மிகுந்தது டிஃபன்பாக்கியா. அதன் தடித்த தண்டைக் கடித்தால் நாக்கு வீங்கிப் பேச்சே வராது போகும். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஊமைக் கரும்பு’ என்னும் பொருள்படும் பெயர் வந்தது இதனால்தான். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அந்த ஒரு செடியை வேண்டாம் என்றே சொல்வேன்.

நம் மலைக்கே உரிய இரண்டு செடிகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இங்கு அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறிய தாவரங்கள் ஏராளம். அவற்றைப் பற்றியே இயேசு சபைத் துறவியும் தாவரவியலாளருமான கே. எம். மேத்யூ 1969-இல் ஒரு தனி நூல் வெளியிட்டார். ஓடைக்கரையிலும் சதுப்பிலும் வெள்ளைப் புனல்போலப் பூக்கும் காலா லில்லி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஈரத்தில் வேர் ஊன்றி வாழ்வதால், பிடுங்கி வந்து தொட்டியில் நடத் தோன்றும். அதுவும் காறல் குடும்பமே. மேற்சொன்ன எச்சரிக்கை அதற்கும் போதும். மற்றொன்று, வேலியோரங்களில் எக்காளம்போல் தலைகீழாகத் தொங்கும் மணமுள்ள பெரிய பூ. இது தென்னமெரிக்காவைச் சேர்ந்தது, ஊமத்தையின் நெருங்கிய உறவு. இதன் கிளை நீரில் எளிதாக வேர்விடும். ஆயினும் இதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. உண்டவருக்கு வாய் உலரும், கண்பாவை விரியும், நாடி விரையும், சித்தம் கலங்கும்.

இந்த வேறுபாட்டை நோயாளிகளுக்கு விளக்குவது எனக்கு முதன்மையாகத் தோன்றுகிறது. காறல் செடி கடித்த கணமே சுடுகிறது. குழந்தை அலறித் துப்பிவிடுவதால், பெரும்பாலும் விழுங்குவது சிறிதளவே. பலருக்கும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தணிந்துவிடும். இங்கே வலிதான் காவல். அரளிக்கும் கண்வலிக்கிழங்குக்கும் அந்தக் காவல் இல்லை. செங்காந்தள் என்று நாம் போற்றும் மாநில மலரின் கிழங்குதான் கண்வலிக்கிழங்கு. நம் மாவட்டத்திலேயே ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிராகிறது. அதன் நஞ்சு சில மணி நேரம் கழித்தே வாந்தி, வயிற்றுப்போக்காக வெளிப்பட்டு, பின்னர் உறுப்புகள் பலவற்றையும் தாக்கும். அரளி இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். ஆகவே அரளி, கண்வலிக்கிழங்கு, ஊமத்தை வகை ஆகியவற்றை உண்டவர் நலமாக இருப்பதுபோல் தோன்றினாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

காறல் செடியைக் குழந்தை கடித்துவிட்டால், வாயில் மிஞ்சிய துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளை கொப்பளிக்கட்டும். விழுங்க முடிந்தால் குளிர்ந்த பாலோ தயிரோ சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். விரலை விட்டு வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். ஊசிகள் தொண்டையை இரண்டாம் முறை கடக்கும். உப்புநீர் புகட்டுவது சிறு குழந்தைக்கு அதனளவிலேயே ஆபத்து. குழம்பில் காறலைத் தணிக்கும் புளி, புண்பட்ட வாயில் எரிச்சலைத்தான் கூட்டும். எச்சில் ஒழுகிக்கொண்டே இருத்தல், குரல் மாறுதல், விழுங்க இயலாமை, மூச்சில் இரைச்சல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் 108-ஐ அழையுங்கள். மூச்சுப்பாதையை அடைக்கும் அளவு வீக்கம் அரிது. ஆனால் வந்தால் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சாறு கண்ணில் தெறித்தால் கசக்காமல், ஓடும் தூய நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செடியைவிடத் தொட்டிநீரே சிலருக்குத் தீங்கு செய்யலாம். மீன்தொட்டிகளில் காசநோய்க் கிருமியின் உறவான ஒரு நுண்ணுயிர் வாழ்வதுண்டு. கையிலுள்ள கீறல் வழியே நுழைந்து, சில வாரங்கள் கழித்து விரலிலும் முன்கையிலும் ஆறாத கட்டிகளாகப் புறப்படும். அதற்கு மாதக்கணக்கில் மருந்து உட்கொள்ள நேரும். புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோரும் சிறுநீரக மாற்று செய்துகொண்டோரும் தொட்டியைக் கழுவும் வேலையை வீட்டில் வேறொருவரிடம் விட்டுவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் நீர்புகாத கையுறை அணியுங்கள். நம் ஊரில் தொட்டிக்கு மின்சூடேற்றி தேவைப்படும். மூடியில்லாத தொட்டியில் கைவிடுமுன் அதன் இணைப்பைத் துண்டிக்க மறவாதீர்கள்.

மருத்துவமனைக்கு வரும்போது கடித்த செடியின் இலையையும் தண்டையும் பாலித்தீன் பையிலிட்டுக் கொண்டுவாருங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துவாருங்கள். ‘பச்சையாக ஏதோ ஒரு செடி’ என்று சொன்னால் மணிபிளாண்டா அரளியா என்று எங்களால் ஊகிக்க முடியாது. எவ்வளவு நேரமாயிற்று, எந்தப் பகுதியைத் தின்றது என்பதையும் குறித்துவையுங்கள். புதுதில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசிய நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமின்றி 1800 116 117 என்னும் எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம். அந்த எண்ணை மீன்தொட்டியின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவைத்தால் தேடும் நேரம் மிச்சம்.